பிரிந்த நண்பரும் திங்கள் மடலும்

கலாசாலை வாழ்வில் ஆண்டுதோறும் தவறாது நிகழ்வன இரண்டு. ஒன்று பரீட்சை, மற்றொன்று பிரிவு. முன்னதற்கு நாம் செய்யும் ஆயத்தம் பெரிது. பின்னதற்கோ ஆயத்தம் என்பதொன்றில்லை. பங்குனி பிறந்ததும் நினைவேடுகள் கைமாறுகின்றன; நிழற்படங்கள் எடுக்கப்படுகின்றன; "மறவாமல் எழுதுவேன்" என்னும் உறுதிமொழி விடுதித் தாழ்வாரமெங்கும் கேட்கின்றது. அவ்வுறுதிமொழி பொய்யன்று, சொல்லுங்கால் மெய்யாகவே சொல்லப்படுவது. எனினும் அடுத்த தை பிறக்குமுன் பெரும்பாலும் அது மறைந்து போகின்றது. சொன்னவர் அன்பிலாதவர் அல்லர். சொன்னதை எவ்வாறு நிறைவேற்றுவது என்று எண்ணிப் பார்த்திலர், அவ்வளவே.

இக்கட்டுரையில் யான் சொல்லப் புகுவது ஒரு சிறு யோசனை. பிரிந்து செல்லும் நண்பர் ஐவரோ அறுவரோ தம்முட் கூடி, திங்கள்தோறும் ஆளுக்கொரு பக்கம் எழுதி, அப்பக்கங்கள் அனைத்தையும் அனைவரும் படிக்குமாறு சுற்றிவரச் செய்தல் வேண்டும் என்பதே அது. வேறு பெயர் தோன்றாமையின் இதனைத் திங்கள் மடல் என்கின்றேன். மடலூர்தலை நினைத்துத் தமிழ் வகுப்பினர் நகைப்பாராயின் நகைக்க. இம்மடலில் பனங்கருக்கு இல்லை.

"கைப்பேசி கையிலிருக்கக் கடிதம் எற்றுக்கு?" என்பது இதனைக் கேட்டோர் முதற்கண் எழுப்பும் வினா. 1879-ஆம் ஆண்டில் கால் அணா விலைக்கு இந்நாட்டில் கார்டு வந்தபோது அதுவே பெரும் புதுமை. அதன் பின்னர் எத்தனையோ வந்தன, எத்தனையோ போயின. தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நின்றது. டென்மார்க்கு நாட்டில் 1624 முதல் தொடர்ந்துவந்த அரசுத் தபால் சேவை 2025-ஆம் ஆண்டின் இறுதியோடு கடிதம் கொண்டு கொடுப்பதையே விட்டுவிட்டது. இக்காலத்தில் கடிதத்தைப் பற்றிப் பேசுவது ஓலைச்சுவடியில் பாடம் எழுதச் சொல்வது போலாகாதா என்பர். யான் பேசுவது தாளைப் பற்றியன்று. தாளில் எழுதித் தபாற்பெட்டியில் இடுக. அன்றேல் கைப்பேசி வழியாகவே அனுப்புக. எதன்மேல் எழுதுகின்றோம் என்பது எனக்கு ஒன்றே. ஒரு திங்களை மனத்துள் வைத்திருந்து, அமர்ந்து, முதலும் முடிவுமாக ஒரு பக்கம் எழுதுகின்றோமா என்பதே கேள்வி.

நம்மிற் பலர்க்கு வாட்ஸ்அப் குழுக்கள் உள்ளன. பள்ளி வகுப்பிற்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, ஊர் இளைஞர்க்கு ஒன்று எனப் பத்துக்குக் குறையாது. அவற்றில் நாள்தோறும் நடப்பது யாது? வைகறையில் பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம். ஒருவருக்குப் பிறந்தநாள் எனின் நாற்பது கைகூப்புக் குறிகள். ஆட்டத்தில் நம் அணி வென்றால் ஆரவாரம், தோற்றால் வசை. இவை தீயன அல்ல. ஆயினும் இவற்றுள் நண்பர் யாண்டுளர்? சந்தைக்கு நடுவே நின்றுகொண்டு எவரும் தம் நெஞ்சைத் திறந்து பேசார். பேசினும் அடுத்த கூடை இறங்கும் ஓசையில் அது மறைந்துவிடும்.

ஒன்று சொல்லுகின்றேன். எம்மோடு பள்ளியிற் பயின்ற தோழர் ஒருவர், இறுதி வகுப்பு முடிந்ததும் குடும்பத்தோடு திருப்பூருக்குக் குடிபெயர்ந்து, அங்கே பனியன் கம்பெனியொன்றில் வேலைக்கு அமர்ந்தார். எம் வகுப்புக் குழுவில் நாற்பத்தறுவர் இருந்தனர், அவரும் இருந்தார். ஐப்பசித் திங்களில் அவர் தந்தையார் காலமானார். அச்செய்தி நாற்பத்தறுவரில் ஒருவர்க்கும் தெரியவில்லை. அவ்வாரத்திலும் அவர் பெயரால் ஓரிரு கைகூப்புக் குறிகள் குழுவில் வந்தேயிருந்தன. மார்கழியில், கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, பழைய வீட்டைப் பற்றிய ஏதோ காரியமாக அவர் ஊருக்கு வந்தார். மழித்த தலையில் மயிர் அரும்பியிருந்தது. கேட்டபின்பே சொன்னார். ஏன் தெரிவிக்கவில்லை என்றதற்கு, "எல்லாரும் தீபாவளிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தனர், அதன் நடுவே இதனை எங்ஙனம் சொல்வது?" என்றார்.

இதிற் குற்றம் எவர்மேலும் இல்லை. நாற்பத்தறுவர் கூடிய இடத்தின் இயல்பு அது. ஆனால் அன்று மாலை எம்மில் ஐவர் ஆற்றுப்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து பேசிய பேச்சின் பயனாகத் திங்கள் மடல் தொடங்கிற்று. சென்ற ஆண்டு ஜனவரி முதல் இவ்வாண்டு மார்ச்சு வரையில் பதினைந்து மடல்கள் சுற்றி வந்துள்ளன. இவற்றைப் பற்றி ஈண்டு எழுதுவதற்கு நண்பர் நால்வரும் இசைந்துள்ளனர். பெயர் மட்டும் வேண்டா என்றனர்.

இனி, தமிழ் பயில்வோர் எழுப்பும் தடையொன்று உளது. அதனை எம் வகுப்பிலேயே ஒருவர் எழுப்பினார். நட்புக்கு நேரிற் காண்டலும் பலகாற் பழகுதலும் வேண்டுவதில்லை, உணர்ச்சி ஒத்தலே போதும் என்பது வள்ளுவர் கருத்தன்றோ? அதற்குப் பரிமேலழகர் காட்டாக நிறுத்தியவரும் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் அன்றோ? பாண்டி நாட்டுப் பிசிரில் இருந்த புலவர் உறையூர்ச் சோழனைக் கண்டதே இல்லை. எனினும் சோழன் வடக்கிருந்த காலை, 'ஆந்தை வருவான், அவனுக்கு இடம் ஒழித்து வையுங்கள்' என்று இயம்பினான், அவரும் வந்தார். இத்தகைய நட்புக்கு மாதமொரு மடல் எதற்கு என்பது அவர் வினா.

இதற்கு விடை புறநானூற்றிலேயே உளது. அறுபத்தேழாம் பாட்டினை எடுத்துப் பார்க்க. அதனைப் பாடியவரும் பிசிராந்தையாரே. மாலைப்பொழுதில் குமரித் துறையில் மீன் அருந்தி வடமலைக்குப் பறந்து செல்லும் அன்னச் சேவலொன்றை அவர் விளிக்கின்றார். இடையே சோழ நாடு வரும். அங்கே உறையூர் மாடத்தில் பேடையோடு தங்கி, வாயில் காப்போர்க்கு அஞ்சாது உட்புகுந்து, அரசன் செவியில் படுமாறு 'யான் பிசிராந்தையின் ஆள்' என்று சொல்லுக. உன் பேடை அணியத்தக்க அணிகலம் தருவான் என்கின்றார். பறவை பேசாதென்பது புலவர்க்குத் தெரியாததன்று. சொல்லியனுப்ப வேண்டும் என்னும் வேட்கை அத்துணை மிக்கிருந்தது. உணர்ச்சி ஒத்த நட்பின் தலைமகனாகிய அவரே நண்பனுக்குச் சேதி அனுப்பாமல் இருந்தாரிலர். அங்ஙனமாக, செமஸ்டர் பரீட்சையும் வேலைக்கான நேர்காணலும் நம்மை நாற்றிசையும் இழுக்கும்போது, சேதியின்றியே நட்பு நிற்கும் என நாம் நம்புதல் சற்று மிகை.

நிற்க. திங்கள் மடல் என்பது யாம் கண்ட புதுமையன்று. பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், அதனை லவோதிக்கேயா சபையாரும் வாசிக்கும்படி செய்யவும், அவர்களிடமிருந்து வரும் நிருபத்தைக் கொலோசெயர் வாசிக்கவும் சொல்லியிருப்பதை நம்மிற் பலர் அறிவர். சுற்றிவரும் கடிதத்திற்கு அதனினும் பழைய காட்டு வேண்டுவதில்லை.

எனினும் நம் நிலைக்கு இன்னும் நெருங்கிய வரலாறு ஒன்றுண்டு. அது மாணவர் விடுதியிலிருந்தே தொடங்குகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரத்துப் பல்கலைக்கழகத்தில் பிரான்சிசு சவேரியாரும் பீட்டர் பேபரும் ஒரே அறையில் தங்கிப் பயின்றனர். 1529-ஆம் ஆண்டில் அவ்வறைக்கு மூன்றாமவராக இஞ்ஞாசியார் வந்து சேர்ந்தார். பின்னர் மூவரும் பிரிந்தனர். பேபர் ஐரோப்பிய நாடுகளில் அலைந்தார். இஞ்ஞாசியார் உரோமையில் தங்கினார். சவேரியார் 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டிலேயே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் என நாம் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்களின் மணலில் நடந்த அவர், தம் அறைத்தோழர்க்குக் கடிதம் எழுதினார். கப்பல் ஆண்டுக்கொரு பருவத்திலேதான் புறப்படும். எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வர ஈராண்டும் அதன்மேலும் ஆகும்.

அவருடைய கடிதங்கள் ஐரோப்பாவில் படியெடுக்கப்பட்டுப் பலராலும் வாசிக்கப்பட்டன. 1544-ஆம் ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நெடுங்கடிதம் பல்கலைக்கழகங்களிலும் சுற்றிற்று. இது பலரும் அறிந்ததே. என் மனத்தைப் பற்றியது வேறொன்று. கிழக்கே மொலுக்குத் தீவுகளுக்குச் சென்றிருந்த காலத்தில் அவர் 1546-இல் எழுதிய கடிதமொன்றில், தோழர்கள் தமக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் தம் கைப்பட இட்ட பெயர்களை மட்டும் கத்தரித்து எடுத்து, எங்கும் உடன்கொண்டு திரிவதாகக் குறித்துள்ளார். அச்சிறு துண்டுகளை அவர் கழுத்தில் அணிந்திருந்தார் என்பர். கடிதம் முழுதும் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கலாம். ஆயினும் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் 1552-ஆம் ஆண்டு டிசம்பரில் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் உயிர் நீத்தார். உரோமையிலிருந்து இஞ்ஞாசியார் அவரைத் திரும்பி வருமாறு அழைத்து 1553-ஆம் ஆண்டு ஜூனில் கடிதம் எழுதினார். நண்பர் இறந்து ஆறு திங்கள் கழிந்த சேதி அப்போதும் உரோமைக்கு எட்டவில்லை.

அக்காலத்தில் கடல் தடுத்தது. தோழரின் மரணம் தெரியவில்லை. இக்காலத்தில் தடுப்பது ஒன்றுமில்லை. தோழரின் தந்தை மறைந்ததும் தெரியவில்லை. விரைவு ஒன்றே போதும் என்பார் இதற்கு என் சொல்வரோ, அறியேன்.

இஞ்ஞாசியாரிடம் நாம் கற்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. அவர் 1542-ஆம் ஆண்டு டிசம்பரில் பேபருக்கு எழுதிய கடிதத்தில், கடிதம் எழுதும் முறையைப் பற்றியே பேசுகின்றார். எவர்க்கும் காட்டத்தக்க செய்திகளை முதன்மைக் கடிதத்தில் எழுதுக. ஏனையவற்றைத் தனித்தாளில் எழுதுக என்பது அவர் விதி. முதன்மைக் கடிதத்தை ஒருமுறை எழுதி, பலர் பார்ப்பர் என்பதை நினைந்து திருத்தி, மறுபடியும் எழுதுவது தம் வழக்கம் என்றும் சொல்லுகின்றார். தனித்தாளிலோ மனத்தில் நிறைந்திருப்பது எவ்வாறு வருகின்றதோ அவ்வாறே எழுதலாம். எம் ஐவர் மடலுக்கும் இவ்விதியையே மேற்கொண்டோம். பொதுப்பக்கம் ஐவர்க்கும் உரியது. ஒருவர்க்கே உரியது இருப்பின் அது தனியே அவர்க்குச் செல்லும். இவ்விரண்டையும் கலந்தால் ஒன்று பொதுப்பக்கத்தில் உண்மை குறையும். அன்றேல் நட்பில் மனத்தாங்கல் மிகும்.

எம் மடல் நடக்கும் வகை எளிது. ஒவ்வொருவரும் இருபத்தைந்தாம் தேதிக்குள் ஒரு பக்கம் எழுதி, அத்திங்களுக்குத் தொகுப்பவராக முறை வந்திருப்பவர்க்கு அனுப்புவர். அவர் ஐந்தையும் ஒன்றாக்கி முதல் தேதியில் அனைவர்க்கும் அனுப்புவார். தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புவோர் மூவர். கைப்பேசியிலேயே எழுதுவோர் ஒருவர். எழுதச் சலிப்புற்றுப் பேசியே அனுப்புவோர் ஒருவர். அவர் பேச்சைக் கேட்டுத் தொகுப்பவர் எழுத்தில் வடிப்பார். இதனை மடலெனலாமா என்று தொடக்கத்தில் விவாதம் நடந்தது. எனலாம் என்பதே என் கட்சி. அவர் பேச்சில் 'வந்து', 'அதாவது' மிகுதி. அவற்றை நீக்காது எழுதிவிடுவதும் உண்டு.

எழுதுவது யாது என்பதே பலர்க்கு மலைப்பு. "என் வாழ்வில் எழுதத்தக்கதாக ஒன்றும் நடக்கவில்லையே" என்பர். பெருஞ்செய்திகளை எழுத மடல் வேண்டா. அவை தாமே வந்து சேரும். மடலுக்கு உரியவை சிறு செய்திகள்.

திருப்பூர் நண்பர் எழுதும் பக்கத்திலிருந்து யான் அறிந்தவற்றைச் சொல்லுகின்றேன். அங்கே வேலை நேரத்தைக் கணக்கிடுவது ஷிப்டு என்னும் அளவால். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. ஆர்டர் அவசரமானால் ஒன்றரை ஷிப்டு. அஃதாவது காலையிற் புகுந்தவர் இரவு உணவு நேரத்தில் வெளிவருவர். அவர் முதலில் மடித்துக் கொடுக்கும் கைவேலையாளாகச் சேர்ந்து, உணவு இடைவேளையில் பிறர் எழுந்து சென்ற ஓவர்லாக் எந்திரத்தில் கழிவுத் துணியைத் தைத்துப் பழகி, எட்டுத் திங்களில் டெய்லர் ஆனார். ஆன மாதத்து மடலில் அவர் எழுதியது நான்கே வரி. கழிவுத் துணியில் தைத்த ஒரு துண்டு மட்டும் தபாலில் ஐவர்க்கும் வந்தது. ஒரு சனிக்கிழமைச் சம்பளத்தில் தாய்க்குக் கண்ணாடி வாங்கியதை மூன்று மாதம் கழித்து, வேறொன்றைச் சொல்லும்போது இடையே சொன்னார். இவை எவையும் குழுவில் வரத்தக்கன அல்ல.

உடன்குடிப் பக்கத்தில் தந்தையோடு பனைத்தொழில் செய்யும் நண்பர் மற்றொருவர். பள்ளியிறுதியில் நல்ல மதிப்பெண் பெற்றவர். தந்தையின் முழங்கால் நோவால் தாமே மரமேறத் தொடங்கினார். தையில் தொடங்கி ஆடிக்குள் முடியும் பருவம் அது. பருவ காலத்தில் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவவேண்டும். ஒருநாள் விட்டாலும் ஊற்று அடைபட்டுப் பாளை காய்ந்துபோகும். ஆதலின் அவர்க்கு ஞாயிறும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிடிற் கள். இடையிலுள்ள வேற்றுமை ஒரு விரற் சுண்ணாம்பு என்று எழுதினார். பாளை அரிவாள் வைக்கும் அருவாப்பெட்டியைப் பற்றி, கொதிக்கும் கூழ்பதத்தைச் சிரட்டையில் வார்க்கும் கணத்தைப் பற்றி, புகையில் கண் சிவந்த தாயைப் பற்றி எழுதுகின்றார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் நான்கு சுவர்க்குள் அமர்ந்து ஐந்திணைக் கருப்பொருள் பயிலும் எனக்கு, நெய்தல் நிலத்து வாழ்வு திங்கள்தோறும் ஒரு பக்கமாக வந்துகொண்டிருக்கின்றது. அவரோ, 'நீ சங்க இலக்கியம் எழுதுவதை விட்டு, உன் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுது. அதுவே சிரிப்புத் தருகின்றது' என்று எனக்குக் கட்டளையிட்டுள்ளார். அவ்வாறே எழுதி வருகின்றேன்.

ஏனைய இருவரில் ஒருவர் மதுரையில் செவிலியர் படிப்புப் பயில்கின்றார். மற்றவர் பெங்களூரில் பொறியியல் பயின்றுகொண்டே மாலையில் வீடுவீடாக உணவுப் பொட்டலம் கொண்டு கொடுக்கின்றார். பேசி அனுப்புபவர் இவரே.

மடலின் பயன் மடல் வருவதில் மட்டும் இல்லை. வாராமையிலும் உண்டு என்பதைச் சென்ற ஆகஸ்டில் கண்டோம். திருப்பூர் நண்பரின் பக்கம் இருபத்தெட்டாம் தேதியாகியும் வரவில்லை. குழுவில் ஒருவர் பத்து நாள் பேசாதிருந்தால் எவரும் அறியார். ஐவரில் ஒருவர் பக்கம் வாராவிடில் அவ்விடம் வெறுமையாகத் தெரிகின்றது. கைப்பேசியில் அழைத்தோம், எடுப்பாரில்லை. பெங்களூர் நண்பர் அன்றிரவே பேருந்து ஏறினார். தாயார் ஊருக்குச் சென்றிருந்தமையின் வாடகை அறையில் டெங்குக் காய்ச்சலோடு தனித்துக் கிடந்தவரை விடியற்காலையில் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அடுத்த மாதத்து மடலில், 'இருவர் பக்கத்தையும் சேர்த்து இம்மாதம் யானே எழுதக் கடமைப்பட்டேன்' எனத் தொடங்கித் திருப்பூரார் இரண்டு பக்கம் எழுதினார்.

இதிலுள்ள இடர்களையும் மறைத்தல் தகாது. பலர்க்காக எழுதுவோன் எளிதில் மேடையேறிவிடுகின்றான். ஐவரே ஆயினும் அவை அவையன்றோ? மூன்றாம் மடலிலேயே சிலருடைய பக்கம் சொற்பொழிவாகத் தொடங்கிற்று. 'இன்றைய இளைஞர் சமுதாயம்' என்று ஒருவர் தொடங்கினால் மற்ற நால்வரும் கொட்டாவி விடுகின்றனர். இதற்கு யாம் கண்ட மருந்து, எழுதுங்கால் ஐவரையும் நினையாது ஒருவரை மட்டும் முன்னிருத்தி எழுதுவது. இத்திங்கள் பனைமரத்தாரை நினைந்து எழுதினால் அடுத்த திங்கள் செவிலியரை நினைந்து எழுதுவோம். பெயர் குறிப்பதில்லை, ஆயினும் தம்மை நினைந்து எழுதியது எது என்பதை அவரவர் கண்டுகொள்கின்றனர்.

மற்றோர் இடர், வெற்றியை மட்டும் எழுதுதல். வேலை கிடைத்தது, பரிசு கிடைத்தது, வண்டி வாங்கியது என்று அடுக்கினால் அது மடலாகாது, விளம்பரமாகும். இது படிப்பவரைத் தம் நிலைக்கு நாணச் செய்யும். கலாசாலையில் பயில்வோரும் பயிலாதோரும் கலந்த எம்போன்ற கூட்டத்தில் இது மிகக் கூர்மையாகத் தைக்கும். துயரை மட்டும் எழுதுவதும் அத்தகையதே என்று ஒருவர் சொன்னார். யான் அதற்கு உடன்படேன். துயர் எழுத நால்வர் இல்லாதவர் எங்குச் சென்று எழுதுவர்?

அளவு ஒரு பக்கம். மிகுந்தால் தொகுப்பவர் குறைக்கலாகாது, எழுதியவரைத் திட்டலாம். பிறர்க்குக் காட்டலாகாது. ஒவ்வொரு வரிக்கும் மறுமொழி எதிர்பார்க்கலாகாது. நேரம் இல்லை என்பார்க்கு யான் மறுமொழி எழுதப் போவதில்லை. அவர் நேற்றிரவு கைப்பேசியில் எத்துணை நாழிகை கழித்தார் என்பதை அக்கைப்பேசியே சொல்லும்.

இத்தகைய மடல்கள் இலக்கியம் ஆகுமா எனச் சிலர் கேட்கின்றனர். மறைமலையடிகள் கோகிலாம்பாள் கடிதங்களைக் கதையாகவே இயற்றினார், மு. வரதராசனார் தம்பிக்கும் தங்கைக்கும் அன்னைக்கும் எழுதும் முறையில் தம் கருத்துக்களை நூலாக்கினார். அவை அச்சுக்கென்றே எழுந்தவை. இதனின் வேறாக, டி. கே. சி. அவர்கள் நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இளமை முதல் நண்பர். முன்னவர் பத்திரிகைத் தொழிலால் சென்னைக்கும் மலேயாவுக்கும் சென்றார். பின்னவர் ஊரில் உழவராகத் தங்கினார். அழகிரிசாமி 1970-ஆம் ஆண்டில் மறைந்தார், கி. ரா. 2021 வரை வாழ்ந்தார். தோழர் எழுதிய கடிதங்களை அவர் போற்றி வைத்திருந்தமையால் அவை நூலாக நமக்குக் கிடைத்தன. எழுதியவர் இலக்கியம் ஆகட்டும் என்று எழுதினாரோ இல்லையோ, பெற்றவர் பாதுகாத்தார். எம் மடல்கள் இலக்கியம் ஆகா என்பதில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. எனினும் ஒரு படியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கின்றேன். கைப்பேசி விழுந்து உடைந்தால் நட்பின் ஓராண்டும் உடன் உடையலாகாது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கலாசாலை நாட்களில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர் உங்களுட் பலர் இருப்பீர். ஒரே படியைப் பலரும் கைமாற்றிப் படித்த அப்பழக்கமே திங்கள் மடலுக்குத் தாய். முப்பது ஆண்டுக்கு முன் உடன் அமர்ந்தவர் இன்று எங்குளர் என அறியாதிருப்பீராயின், மூவர் கிடைத்தாலும் தொடங்கலாம். முதற்பக்கத்தில் முப்பது ஆண்டுக் கதையையும் சொல்லிவிட முயலவேண்டா. இன்று காலை வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்குக; ஏனையவை பின்னர்த் தாமே வரும்.

இவ்வாண்டு விடைபெறும் மூத்த மாணவர்க்கும் சொல்லுவேன். தயைகூர்ந்து இதற்கென ஒரு சங்கம் அமைத்துவிடாதீர். நம்மவர் எது தொடங்கினும் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தலில் தொடங்கி, ஆண்டுச் சந்தாத் தகராறில் முடிப்பர். வகுப்பு முழுவதற்கும் ஒரு மடல் என்பதும் வேண்டா. அது மீண்டும் சந்தையாகும். ஐவர் போதும், எழுவர் மிகுதி. ஒரே ஊரார், ஒரே சாதியார், ஒரே மதிப்பெண்காரர் எனச் சேர்தலும் ஆகாது. ஒருவர் எழுதுவதையே ஐவரும் எழுதுவீர். மேற்படிப்புக்குச் செல்வோர் ஊருக்குத் திரும்புவோரை விட்டுவிடாது சேர்த்துக்கொள்க. ஊரிலிருப்போர் எழுதும் பக்கமே பெரிதும் சுவைக்கும் என்பதைப் பதினைந்து மடல் படித்தவன் சொல்லுகின்றேன்.

தமிழ்த்துறை வாசிப்பறையின் சன்னலோர மேசைமீது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துள்ளோம். கூட்டாகச் சேர விரும்புவோர் தம் பெயரையும், ஜூன் முதல் தாம் எங்கிருப்பார் என்பதையும் பரீட்சை முடிவதற்குள் அதில் எழுதுக. இதுவரை பதினொருவர் எழுதியுள்ளனர். அவருள் நால்வர், 'எங்கிருப்பேன் என்பது இன்னும் தெரியவில்லை' என்றே எழுதியிருக்கின்றனர். அவர்க்கும் இடம் உண்டு.